ஓசித் தோடி

மார்கழி வந்துவிட்டால் சென்னை சபாக்களில் சூரியனைப் பார்த்துத்தான் டிக்கெட் விலை. அது உச்சியில் நிற்கும்போது கச்சேரி இலவசம். மேற்கே சாயச் சாயக் கட்டணம் ஏறும். இருட்டிய பிறகு பாடுகிறவருக்கு முன்வரிசை டிக்கெட் என்ன விலை என்று கேட்டால் நமக்கும் கண் இருட்டும்.

நான் உச்சிவெயில் கட்சி. காசு மிச்சம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் 12 மணிக் கச்சேரியின் சுவாரசியம் 7 மணிக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பாட வரும் பெண்ணுக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அதே வயது. முதல் வரிசையில் அம்மா, குரு, பக்கத்து ஃபிளாட் மாமி. அப்பா உட்கார மாட்டார். போனில் படம் எடுக்கிறேன் பேர்வழி என்று எல்லாருக்கும் குறுக்கே நிற்பார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் கொடுத்த பத்ததி இருக்கிறதே, வர்ணத்தில் ஆரம்பித்துக் கீர்த்தனை, ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று, அவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் கல்யாணச் சீர்வரிசையைப் பரப்புகிற மாதிரி. பாவம், அந்தப் பெண்ணுக்கு மூச்சு விடத்தான் இடம் இருக்காது.

கேட்க வருகிறவர்கள் தனி ரகம். எனக்கு முன்வரிசையில் ஒரு தம்பதி. ஆலாபனை ஆரம்பித்த உடனே மாமா, "முகாரி" என்றார். மாமி, "பைரவின்னா" என்றார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தின் பழைய பாக்கி எல்லாம் அந்த இரண்டு ராகங்களுக்கு நடுவில் வந்து நின்றது. அவர்களுக்கும் முன்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் திரும்பி, "மாஞ்சி, தாத்தா" என்றாள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டிய உறவு, குழம்புவது குற்றமில்லை. ஆனால் மாமா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. மாமி மாத்திரம், "நான் சொன்னதுக்குப் பக்கத்துலதான்" என்றார்.

அடுத்தது தூங்குபவர். வெளியே வெயில், உள்ளே ஏ.சி., மடியில் மஞ்சள் பை. தூங்க வைப்பது நீலாம்பரி என்பார்கள். இவருக்கு 12.30 மணித் தோடியே போதும். அதிலும் ஒரு வித்தை: கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும், தொடையில் கை மட்டும் ஆதி தாளத்தைப் பிசகாமல் போட்டுக்கொண்டிருக்கும். மேடையில் இருந்த மிருதங்கக்காரப் பையன் ஒரு தரம் அந்தக் கையைப் பார்த்துத்தான் சமாளித்தான் என்பது என் சந்தேகம்.

ஒரு மணிக்குத் தனி ஆவர்த்தனம். ராத்திரிக் கச்சேரியில் தனிக்கு எழுந்து போகிறவர் காபிக்குப் போகிறார். மத்தியானம் எழுந்தால் இலைச் சாப்பாடு. அறுசுவை நடராஜன் போன்றவர்கள் சபா கேன்டீனையே ஒரு வித்வத் சபை ஆக்கிவிட்டார்கள். அந்த வத்தக்குழம்போடு மிருதங்கத்தின் எந்த மோராவாலும் போட்டி போட முடியாது. இது மயிலாப்பூர்க் குணம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் நேஷனல் கேலரி குண்டுக்குப் பயந்து ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வெறும் சுவரோடு நின்றது. அங்கே 1939 அக்டோபரில் மைரா ஹெஸ் என்ற பியானோ மேதை மத்தியானக் கச்சேரி தொடங்கினார். திங்கள் முதல் வெள்ளி வரை, 1946 வரைக்கும் நடந்தது. நுழைவு ஒரு ஷில்லிங், ஓசி இல்லை. அங்கேயும் கேன்டீன். தேனும் உலர்ந்த திராட்சையும் வைத்த சாண்ட்விச் பிரசித்தம். தலைக்கு மேல் குண்டு விழும் ஊரிலேயே அப்படி என்றால், நாம் இரண்டு போண்டாவுக்கு எதற்கு வெட்கப்பட வேண்டும்?

ராகத்துக்கு வேளை உண்டு. உச்சிப்பொழுதுக்கு மத்தியமாவதி. அதை உரிய வேளையில் பாடும் பாக்கியம் 12 மணிக்காரர்களுக்குத்தான். ஆனால் கச்சேரியை மங்களமாக முடித்து வைப்பதும் அதே ராகம். அவர்கள் அதைத் தொட்டால் போதும், சபை முழுக்கக் காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது ஓசிக் கச்சேரியும் முடிந்தது. 4 மணிக்குக் கட்டணம் தொடங்குவதால், நெஞ்சில் பேட்ஜ் குத்திய பையன் வரிசை வரிசையாக டிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தான். மஞ்சள் பைக்காரரை மெல்லத் தட்டினான். அவர் தாளத்தை நிறுத்தினார்.

"அடுத்தது யாருப்பா?"

பெயரைச் சொன்னான். பெரிய பெயர்.

"டிக்கெட் எவ்வளவு?"

அதையும் சொன்னான். அவர் எழுந்து பையை உதறிக்கொண்டார்.

"இவன் 12 மணிக்குப் பாடினப்போ கேட்டிருக்கேன். அப்போ நன்னாப் பாடுவான்."