கவுச்சிக்குப் புளி

கேள்வி: கடல் மீனைப் புளித்தண்ணீரில் அலசினால் கவுச்சி எங்கே போகிறது? (வாசகி, நீடாமங்கலம்)

பதில்: எங்கேயும் போவதில்லை, உப்பாக மாறி உட்கார்ந்துவிடுகிறது!

நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனின் உடம்பில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு உண்டு. அதற்கு நாற்றம் கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக்குகின்றன. இதன் கொதிநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ்தான். கூடையைத் திறக்குமுன்னே மூக்குக்கு வந்து சேர்ந்துவிடும்.

அமீன் ஒரு காரம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கார்பாக்சிலிக் வகை. அது கொடுக்கும் புரோட்டானை வாங்கிக்கொண்டதும் அமீன் உப்பாகிவிடும். உப்பு பறக்காது. ஆனால் நாற்றம் அடங்கியதால் பழைய மீன் புதுசாகிவிடாது!

மீன் கழுவிய கைக்கு எலுமிச்சைச் சாறு உதவுவதும் இப்படி அமீனை உப்பாக்குவதால்தான். சோப்பு காரத்தன்மை உள்ளது. அமீனை அவிழ்த்து விட்டுவிடும்.

அமீன் பகுதி இருந்தாலே பறந்துவிடும் என்றில்லை; அமினோ அமிலங்கள் வேறு ரகம். அமிலப் பகுதியும் அமீன் பகுதியும் ஒரே மூலக்கூறில் குடித்தனம். கொடுக்கல் வாங்கல் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் அவை எளிதில் ஆவியாவதில்லை; கிளைசின் 230 டிகிரிக்கு மேல்தான் சிதையவே தொடங்கும்.

உங்கள் ஊர் வெண்ணாற்று விராலில் டிரைமெத்தில் அமீன் குறைவு. அதன் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற ஆல்கஹால். அதைப் புளியால் உப்பாக்க முடியாது.