புகை உண்டு, நெருப்பு இல்லை: கரடியனாற்று வீதியில் நின்றுபோகும் டீசல் வான் பற்றிய தருக்க விசாரணை

பேராதனையில் புறப்பட்டுப் பதுளை வழியாக இறங்கிவரும் ஏ5 வீதி, செங்கலடியில் முடிவதற்குச் சற்று முன்னர் கரடியனாற்றைக் கடக்கிறது. மேற்கே புல்லுமலையும் மகா ஓயாவும், கிழக்கே கறுப்புப் பாலமும் செங்கலடிச் சந்தியும், இடையில் வயல் வட்டைகள். இந்த எல்லைக்குள் ஒரு பழைய டீசல் வான் நின்றுவிட்டால், அங்கே முதலில் ஸ்டார்ட் ஆவது அறிஞர் சபைதான். சாரதி முன் ஆசனத்தைத் தூக்கி எஞ்சினைப் பார்ப்பதற்குள் ஒருவர் வரம்பிலிருந்து ஏறி வருகிறார். இன்னொருவர் லான்ட்மாஸ்டரை ஓரங்கட்டுகிறார். மூன்றாமவர் சைக்கிளை விட்டு இறங்காமலே தீர்ப்புச் சொல்கிறார்: "பம்ப் போயித்து மனே."

அத்தீர்ப்பை மறுக்க எழுந்ததே இவ்வாய்வு. சூத்திரம் இல்லாத மறுப்பைத் தமிழ்ப் புலவர்கள் ஏற்கமாட்டார்கள். இப்பொருள் பற்றி முன்னோர் எதுவும் செய்துவைக்காமல் போனதால், சூத்திரத்தையும் நாமே செய்துகொண்டோம்.

தள்ளியும் எழாத டீசல் எஞ்சின்
பம்பின் பழியெனப் பகர்ப உலகோர்;
காற்றின் பழியெனக் கண்டனர் கற்றோர்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஓடாத எஞ்சினுக்குக் காரணம் உணர்த்துதல் நுதலிற்று. 'உலகோர்' என்றது வீதியோரம் கூடியவர்களை. 'கற்றோர்' என்றது கையில் 17ஆம் இலக்க ஸ்பானர் உள்ளவர்களை. 'தள்ளியும்' என்புழி உம்மை எச்ச உம்மை. பற்றரி சாகும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றியும், காற்றுக் குழாயில் பெற்றோல் ஊற்றியும், வானை விற்றவனை ஏசியும் என எஞ்சியவற்றைத் தழுவிற்று என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, நாடு முழுவதும் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹையேஸ். 3எல் எஞ்சின், 2779 சீசீ. அதன் டீசல் பம்ப், போஷ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த விஈ வகையைச் சேர்ந்தது. கணினி கிடையாது. ஒரேயொரு பிளஞ்சர் சுழன்றபடியே முன்னும் பின்னும் ஓடி நான்கு சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தடவை சுழன்றால் பம்ப் 1000 தடவை சுழலும். சுற்றுக்கு நான்கு அடி, ஆக நிமிடத்துக்கு 4000 அடி. பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள வெளி சில மைக்ரோன்தான். அதற்கு மசகும் அந்த டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுகிறவர்கள் பம்பின் ஆயுளைக் கலந்து ஊற்றுகிறார்கள்.

இத்தனை உழைக்கிற ஒன்றின்மீது முதற் சந்தேகம் விழுவது ஏன்? அதன் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விலையோ கூடியது. திருத்துவதென்றால் கழற்றி, சோதனை மேசை உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்பவர்க்குப் பெரும் செலவைக் காட்டுகிற தீர்ப்பே சொல்பவருக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது. "வாஷர் ஒண்டு தளந்திருக்கும்" என்று சொன்னவரை இப்பகுதியில் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்ததில்லை.

இனிக் காற்று. டீசல் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். முழுக் கோட்பாடும் இவ்வளவே. நொசில் திறந்து பீச்ச 100 பாருக்கு மேல் அமுக்கம் வேண்டும். கார் ரயரில் நாம் அடிப்பது ஏறக்குறைய 2 பார். இரும்புக் குழாயில் ஒரு குமிழி புகுந்தால், பம்ப் தள்ளும் ஒவ்வொரு தடவையும் குமிழி சுருங்கும், பிறகு விரியும். நொசில்வரை அமுக்கம் வந்து சேராது. லஞ்சம் வாங்கிக்கொண்டு கோப்பை மேலே அனுப்பாத இடைத்தரகரின் வேலை இது.

வரலாற்றில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. 1897இல் அவுக்ஸ்பேர்க்கில் ருடோல்ப் டீசல் ஓடவிட்டுக் காட்டிய எஞ்சினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதி அனுப்பியதே அமுக்கிய காற்றுத்தான். அதற்கென்று தனி அமுக்கி தேவைப்பட்டதால் அந்த எஞ்சின் மோட்டார் வண்டிக்குள் அடங்கவில்லை. 1927இல் போஷ் நிறுவனம் ஊசிப் பம்பைத் தொடராக உற்பத்தி செய்யத் தொடங்கியது. காற்றுக்கு வேலை போயிற்று. 1936இல் மெர்சிடிஸ் 260டி டீசல் கார் வந்தது. வேலை பறிபோன காற்று அன்றிலிருந்து சந்து கிடைத்த இடமெல்லாம் திரும்பப் புகுந்துகொண்டிருக்கிறது என்பது எமது துணிபு.

இக்கொள்கையை நிறுவ நம் அளவை நூலாரின் மூன்று வழிகள் போதும்: காண்டல், கருதல், உரை. கருதலுக்கு அவர்கள் காட்டும் பழைய உதாரணம் யாவரும் அறிந்தது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையைப்போல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை விளக்கும்போதும் புகையும் நெருப்பும் வருகின்றன. புல்லுமலைப் பக்கம் சேனைக்குத் தீ வைத்தால் இவ்வனுமானம் பழுதின்றிப் பொருந்தும்.

கரடியனாற்று வீதியில் பொருந்தாது. ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது டொல்பினின் பின்குழாயில் வெள்ளைப் புகை வந்தால், நெருப்பு இல்லை என்பதே பொருள். டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. ஹீட்டர் பிளக் சூடாகவில்லை, அல்லது டீசல் பீச்சும் நேரம் பிந்துகிறது, அல்லது சிலிண்டரில் அமுக்கம் குறைவு. புகையே இல்லையெனில் டீசலே போய்ச் சேரவில்லை. காற்றைத் தேட வேண்டிய இடம் இதுதான். ஓடும்போது வரும் கரும்புகைக்கு டீசல் கூடுதல் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. நீலப் புகைக்கு எஞ்சின் ஒயில் எரிதல். தருக்க நூலார் புகையின் நிறத்தைக் கேட்காமலே இத்தனை நூற்றாண்டு வாதிட்டது பெருங்குறை. அவர்களிடம் டீசல் வான் இருக்கவில்லை என்று சமாதானம் கொள்ளலாம்.

அடுத்து உரை, அதாவது பெரியோர் வாக்கு. இந்தப் படுவான்கரைப் பெரியவர்கள் பலர் எஞ்சின் படித்தது மெசி பெர்குசன் உழவு இயந்திரத்தில். "பம்புல இருக்கிற காத்து ஸ்குரூவக் களட்டு தம்பி, மறுகா தானா வரும்" என்பார்கள். மெசி பெர்குசன் 135இன் சீஏவி பம்புக்கு அது வேதவாக்கு. அதில் காற்று விடும் திருகாணிகள் உண்டு. விஈ பம்பில் அவ்வாறான திருகாணி இல்லை. கேட்டவர் தேடித் தேடி, கழற்றக்கூடாத ஒன்றைக் கழற்றுவார். ஆகவே உரை அளவையை ஏற்கும்முன், உரைத்தவர் எந்த பம்பில் கற்றார் என்று விசாரிக்க வேண்டும்.

எஞ்சியது காண்டல். இங்கேதான் ஆய்வாளர் நேரம் செலவிட வேண்டும். முதலில் சாவியைப் போட்டு பம்பின் மேல் காதை வைக்கவும். 'டிக்' என்று ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் டீசலை மறித்துத் திறக்கும் சொலினோயிட்டுக்கு மின்சாரம் வரவில்லை. கணினி இல்லாத பம்ப் என்று மேலே புகழ்ந்தோமே, அதை ஒரு கம்பி கழன்றாலே நிறுத்திவிடலாம்.

ஒலி கேட்டால் பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்தவும். சில தடவைகளில் இறுகிவிட்டால் நல்லது. எவ்வளவு அழுத்தியும் இறுகாமல் தொளதொளவென்றிருந்தால், டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று வருகிறது. இவ்வெஞ்சினில் பம்ப்தான் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். எனவே "எங்கயும் ஈரமில்லையே" என்ற வாதம் வாதமே அன்று. இரவு முழுவதும் நின்ற வான் காலையில் அடம்பிடிப்பதும் இதனாலேதான். டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. கைப்பம்பின் றப்பர் வெடித்து அதுவே காற்றுக்கு வாசலாவதும் உண்டு.

ஐயம் தீராதவர்க்கு ஒரு முடிந்த முடிபான சோதனை: பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, சுத்தமான டீசல் உள்ள ஒரு கலனை உயரத்தில் தூக்கிப் பிடித்து அதிலிருந்து நேரே கொடுங்கள். எஞ்சின் ஓடினால் பம்ப் நிரபராதி. வழக்கு பில்டர், குழாய், செப்பு வாஷர், டாங்கி அடிச் சேறு ஆகியோர்மீது திரும்பும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றை இடையில் பொருத்தினால் குமிழிகள் ஓடுவதைச் சபையோர் அனைவரும் கண்டு தெளியலாம்.

திருத்திய பிறகும் இழுவை இல்லையென்றால், பம்பில் டீசல் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் பிடித்திருக்கும் இரு போல்ட்களைப் பாருங்கள். திரும்பும் குழாயின் போல்ட்டில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். அதன் துளை மிகச் சிறியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அவசரத்தில் இடம் மாறினால் பம்ப் பட்டினி கிடக்கும்.

2022 இவ்வாய்வுத் துறைக்குப் பொற்காலம். ஆண்டு தொடங்கும்போது லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ஆயிற்று. காசிருந்தாலும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற வான்கள் கடைசித் துளிவரை உறிஞ்சின. அடிச் சேறு பில்டருக்கும், காற்று பம்புக்கும் போயிற்று. பம்ப்கள் கெட்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டின்றிச் சொல்ல வேண்டும். காற்றை வெளியேற்ற நொசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது கையை அருகே வைக்காதீர்கள். அந்த அமுக்கத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், கை போகும். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கையில் பெற்றோலோ ஈதரோ ஊற்றினால் வெடிக்கும்.

ஆகவே கரடியனாற்றில் வான் நிற்கக் கண்டு இறங்கிவரும் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பொழுது பட்டால் அந்த வீதிக்கு யானை வரும்; கருத்தரங்குக்கு நேரமில்லை. வரும்போது ஒரு ஸ்பானர், ஒரு டோர்ச் லைட், இரண்டு செப்பு வாஷர் கொண்டு வாருங்கள். பம்பைப் பற்றிய பேச்சைக் கைப்பம்பை அழுத்திப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.