ஊட்டிக்கு நாற்பது இட்லி

மே மாதம் மலையெல்லாம் சைக்கிளில் சுற்றிவருவது என்று பிப்ரவரியிலேயே முடிவெடுத்தேன். நடுவில் இருந்த மூன்று மாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டில்தான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் மிதிப்பதில் ஒரு சௌகரியம், ஏற்றம் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை என்று கோடு இழுத்தால் அரைச் சாண்கூட வரவில்லை. அந்த அரைச் சாணில் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கி வந்து மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர், ஊட்டி: 14. அப்புறம் கிழக்கே திரும்பி ஏற்காட்டுக்கு 20. கடைசியில் கொல்லிமலை, அது ஒன்றே 70. கூட்டினேன். 144.

அன்று சாயங்காலமே சமையலறையிலிருந்து தடை உத்தரவு வந்தது.

"ஏனுங்க, மாடிப்படி ஏறி துணி எடுத்துட்டு வரச் சொன்னாலே நடுவுல உட்கார்றீங்க. உங்களுக்கு வால்பாறை கேக்குதாக்கும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் அதற்குள் சாலை விதிகளைப் படித்திருந்தேன். மலைப்பாதையில் இறங்கி வரும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் மேலே ஏறப்பார்த்த எனக்கு யாரும் ஒதுங்கி வழிவிட்டதில்லை. மலையிலாவது அந்த மரியாதை கிடைக்கட்டுமே!

அடுத்து சாப்பாட்டுக் கணக்கு. நான், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 110 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க 500 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. அவ்வளவுதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் நம் தசை தின்றதில் கால் பங்கைத்தான் மிதியாகத் திருப்பித் தருமாம். மீதியெல்லாம் சூடாகப் போய்விடும். ஆக 2,000 கலோரி. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் நாற்பது இட்லி.

"நாற்பதுன்னா முந்தின நாளே சொல்லிப்போடுங்க, அரிசி ஊற வைக்கோணும்" என்றாள். தடை உத்தரவு தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டேன். கடைக்காரர் அதைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிரேக் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கட்டையிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து அவர் கால் மேல் விழுந்தது.

"இது ஏத்தத்துக்கு ஆகாதுங்க சார். எறக்கத்துக்கும் ஆகாதுங்க. மத்தபடி நல்ல வண்டிங்க."

கட்டை மாற்றி, செயின் மாற்றி, அவர் வாங்கிய பணத்தில் ஊட்டிக்கு ரயிலிலேயே போய் வந்திருக்கலாம். அந்த ரயில் ஞாபகம் வந்ததும் வயிற்றைக் கலக்கியது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற இடங்கள் உண்டு. வெறும் சக்கரத்தால் முடியாது என்று வெள்ளைக்காரன் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்தான். என்னிடம் இருக்கிற பல்லே இரண்டு ஆடுகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, மருதமலையில் ஒத்திகை. சின்ன மலைதானே! முதல் வளைவில் சீட்டில் இருந்தேன். இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். போனில் பேத்தியோடு ஒண்ணாங்கிளாஸ் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு பெரியவர் நடந்து என்னைத் தாண்டினார். கைத்தடி வேறு. நான் பாதிச் சாலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சாமி கும்பிட்டு நெற்றி நிறைய விபூதியோடு அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். விதிப்படி நடந்த ஒரே மனிதர்.

"மெதுவாப் போங்க தம்பி, அவசரமில்லை" என்றார்.

அவர் கண்ணிலிருந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினேன். புதுப் பிரேக் கட்டை பிரமாதமாகப் பிடித்தது.

வீட்டு வாசலுக்கு வரும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. நாற்பது இட்லிக்கான மாவு. என் முகத்தைப் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை, உப்புப் போட்டுக் கரைத்து மூடிவைத்தாள்.

திங்கள் இட்லி. செவ்வாயும் இட்லி. புதனிலிருந்து தோசை. மாவு புளித்து, சனிக்கிழமை பணியாரத்தில் முடிந்தது.