கோலம் போடத் தெரியுமா?

கேள்வி: ஐம்பது வயதில் ஆன்லைனில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிக்க ஆசை. ஆனால் கணக்கு என்றாலே பயம். முடியுமா? - இல்லத்தரசி ஒருவர், கும்பகோணம்.

பதில்: புள்ளிக் கோலம் போடுவீர்கள்தானே? அப்படியென்றால் அரிச்சுவடி முடிந்துவிட்டது! ஒரே வளைவை எண்ணிக்கை தப்பாமல் திரும்பத் திரும்ப இழுப்பதைத்தான் புரோகிராமர்கள் ‘லூப்’ என்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1974-லேயே கோலத்தின் விதிகளைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் தொடங்குங்கள். என்பிடெல் (NPTEL) இணையதளத்தில் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். வீடியோ பார்ப்பதோடு நிறுத்தாமல், தினமும் அரைமணி நேரம் நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள். ‘எரர்’ வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் எந்த வரியில் சிக்கல் என்று அதுவே கைகாட்டும். இழை பிசகினால் அழித்துவிட்டு மறுபடி போடுவீர்களே, அதே பொறுமை போதும். வாசலை அலங்கரித்த கைக்கு விசைப்பலகை எம்மாத்திரம்!