அகவிலைப்படியும் 'படி' ஃபிராங்க்ளினும்

ஆட்டம் ஒன்றுக்கு 3 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பென்னி வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். 1930இல் விக்டோரியா கால்பந்து லீக் இப்படி ஒரு சட்டம் போட்டது. கூல்ட்டர் சட்டம் என்று பெயர். முட்டை வடிவ மைதானத்தில் முட்டை வடிவப் பந்தைப் பக்கத்துக்குப் 18 பேர் துரத்துகிற ஆஸ்திரேலியக் கால்பந்தில், இந்த லீக் அப்போது பெரும்பாலும் மெல்பர்ன்காரர்களின் குடும்ப விவகாரம். உலகமே கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். பணக்கார கிளப் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போனால் ஏழை கிளப் என்ன செய்யும்? எல்லோருக்கும் ஒரே கூலி. நியாயம்தானே.

உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் பினாமி என்ற சொல் நமக்குத் தானாகவே நினைவுக்கு வரும். மெல்பர்னிலும் வந்தது. ஆல்பரி ஊரிலிருந்து ஹேடன் பன்ட்டன் என்ற பையனைத் தூக்கிவர ஃபிட்ஸ்ராய் கிளப் 222 பவுண்டு தருவதாகச் சொன்னது. தொகையைப் பார்த்தால் செல்போன் ரீசார்ஜ் பிளான் மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அது பெரும்பணம். விஷயம் வெளியே வந்துவிட்டது. பையனை 1930 சீசன் முழுக்க வீட்டில் உட்கார வைத்தார்கள். மறு வருடம் வந்தவர், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை வாங்கினார். அதற்கடுத்த வருடமும் வாங்கினார். 1935இல் மூன்றாவது. 222 பவுண்டுக்கு அவர் மலிவுதான்.

ஃபிட்ஸ்ராய்க்குக் கள்ளத்தனம் பண்ணத் தெரியவில்லை. சவுத் மெல்பர்னுக்குத் தெரிந்தது. அந்த கிளப்பின் தலைவர் ஆர்ச்சி கிராஃப்ட்ஸ் மளிகைக் கடைகள் நடத்தியவர். ஒன்றல்ல, வரிசையாகப் பல கடைகள். நம் ஊர்க் கணக்கில் அண்ணாச்சி. அண்ணாச்சி சட்டத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். ஆட்டக்காரனுக்கு 3 பவுண்டுக்கு மேல் தராதே என்கிறது; சரி. ஆட்டக்காரனுக்குக் கடையில் வேலை போட்டுத் தராதே என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. நாடெங்கும் வேலையில்லாமல் ஆட்கள் தெருவில் நின்ற காலத்தில், மேற்கு ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் சவுத் மெல்பர்னுக்கு வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை பந்து, மற்ற நாளில் பலசரக்கு. அவர்களில் யார் எத்தனை படி பருப்பு அளந்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. ஊர் அந்தக் கூட்டத்துக்கு 'அந்நியப் படை' என்று பெயர் வைத்தது. 1933இல் அந்நியப் படை கோப்பையைத் தூக்கியது.

இன்னொரு பெயரும் வைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னம் கறுப்பு அன்னம். அங்கிருந்து இத்தனை பேர் வந்துவிட்டதால் அணியை 'ஸ்வான்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சட்டத்தின் சந்தில் புகுந்துவந்த மளிகைக் கடைச் சிப்பந்திகளால் கிடைத்த பெயரைத்தான் இன்றைய சிட்னி ஸ்வான்ஸ் நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடுகிறது. நம் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். இந்த அன்னம் பிறக்கும்போதே சம்பளத்தையும் 'சம்பளம் மாதிரி ஒன்றையும்' பிரிக்கக் கற்றுக்கொண்டது.

அடுத்த கோப்பைக்கு 72 வருடம் ஆயிற்று. அது வேறு சோகம்.

1982இல் கையில் காசில்லாமல் அன்னம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. சிட்னியோ ரக்பி ஊர். இந்த ஆட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அணியை டாக்டர் ஜெஃப்ரி எடல்ஸ்டன் கைப்பற்றினார். அவருடைய மருத்துவமனைகளில் சரவிளக்கும் பெரிய பியானோவும் இருக்கும். அவர் பெயரோடு இளஞ்சிவப்பு ஹெலிகாப்டர் ஒன்றும் சேர்ந்தே வரும். பிற்பாடு சிறைக்கும் போய்வந்தார். அவர் காலத்து நட்சத்திரம் வார்விக் கேப்பர்: பொன்னிறத் தலைமுடி, மூச்சுவிட இடமில்லாத கால்சட்டை, 1987இல் 103 கோல். அந்த வருடக் கடைசியில் கால்சட்டையோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்.

அதே 1987இல்தான் நவீன உச்சவரம்பு வந்தது: ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு, கிளப்புக்கு 12.5 லட்சம் டாலர். அந்த நேரத்தில் மெல்பர்னின் பழைய கிளப்புகள் பல திவாலின் விளிம்பில் நின்றன. புதிதாகச் சேர்ந்த பிரிஸ்பேனும் மேற்குக் கரையின் வெஸ்ட் கோஸ்ட்டும் நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு 40 லட்சம் டாலர் கட்டின. அந்தப் பணத்தில்தான் பழைய வீட்டின் கடன் அடைந்தது. மருமகளின் நகையை அடகு வைத்துக் கடனை அடைத்த மாமியார், பிற்பாடு அதே மருமகளின் தட்டில் எத்தனை இட்லி என்று எண்ணுவாள் இல்லையா, இனி வருவது அந்தக் கதை.

1992, 93, 94 மூன்று வருடமும் சிட்னி கடைசி இடம். கடைசியில் வருபவருக்கு அங்கே மரக்கரண்டி என்று கேலிப்பெயர். நம் பாஷையில் அகப்பை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சட்டியில் ஒன்றுமில்லை. நடுவே தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்றார்கள். அந்த 26 வாரமும் 'சிட்னிக்கு அநியாயம் நடக்கிறது' என்று மெல்பர்னில் யாரும் உண்ணாவிரதம் இருந்ததாகத் தெரியவில்லை.

லீக் கைகொடுத்தது. ரான் பராஸி பயிற்சியாளராக வந்தார், ஆட்டக்காரர்களாக டோனி லாக்கெட்டும் பால் ரூஸும் வந்தார்கள். கூடவே அகவிலைப்படியும் வந்தது. சிட்னியில் வாடகை அதிகம், மெல்பர்ன் பையன் அம்மா சமையலை விட்டுவிட்டு வரவேண்டும், ஆகவே சிட்னி ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களில் உச்சவரம்புக்கு மேல் கூடுதல். இது கடைசியில் 9.8 சதவீதத்தில் வந்து நின்றது. பிரிஸ்பேனுக்கும் இதே போல ஒரு 10 சதவீதம். பையன்கள் வீட்டு நினைப்பு வந்து ஓடிப்போகாமல் இருக்க.

இந்தப் படியின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வருடம் 60,000 டாலர் வாங்கும் புதுப்பையனுக்கு 9.8 சதவீதம் என்றால் 5,880 டாலர். சிட்னி வாடகைக்குச் சில வாரம் தாங்கும். 10 லட்சம் வாங்கும் நட்சத்திரத்துக்கு அதே 9.8 சதவீதம் 98,000 டாலர். ஐயா எந்த அரண்மனையில் குடியிருக்கிறார்? பால் பாக்கெட் விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? படி கொடுத்தது சரி; கொடுத்த விதம் அசட்டுத்தனம். இதை அன்றே யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் ஒரு மதியத்தில் சரிசெய்திருக்கலாம். ஆனால் படி பெற்றவர்கள் தோற்றுக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் கணக்கு வரவில்லை.

பிரிஸ்பேன் 2001, 2002, 2003 என மூன்று கோப்பை வரிசையாக அடித்தது. பின் இரண்டிலும் தோற்றது கோலிங்வுட். கோலிங்வுட்டின் தலைவர் எடி மக்வையர், தொழில்முறைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர். ஒலிபெருக்கியே தோற்றால் சத்தம் எப்படி இருக்கும்? பிரிஸ்பேனின் 10 சதவீதம் படிப்படியாகக் காணாமல் போனது.

நியாயத்துக்கான இந்த யாகம் நடந்துகொண்டிருந்த 2002இலேயே, மெல்பர்னின் கௌரவமான பழைய கிளப்பான கார்ல்ட்டன், உச்சவரம்பை மீறி ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது அம்பலமாகி, 9 லட்சத்து 30 ஆயிரம் டாலர் அபராதம் கட்டியது. முதல் தரப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பறிபோனது. இத்தனை செலவழித்தும் அந்த வருடம் கார்ல்ட்டனுக்குக் கிடைத்தது அகப்பை, அதுவும் கிளப் வரலாற்றிலேயே முதல் அகப்பை. சில வருடம் கழித்து அதே கார்ல்ட்டனுக்கு கிறிஸ் ஜட் வந்தபோது, கிளப் தலைவரின் அட்டைப்பெட்டி நிறுவனத்துக்கு அவர் 'சுற்றுச்சூழல் தூதர்' ஆனார். அந்தச் சம்பளம் உச்சவரம்பில் சேராது என்று லீக்கும் முதலில் தலையாட்டியது. மேலுலகத்தில் மளிகைக்கடை அண்ணாச்சி மெல்லச் சிரித்திருப்பார்.

சிட்னி 2005இல் 4 புள்ளி வித்தியாசத்தில் கோப்பை வாங்கியது. 72 வருடப் பஞ்சம், ஊரே கண்ணீர் விட்டதால் திட்டுவதற்குச் சங்கடம். 2012இல் ஹாதோர்னை 10 புள்ளியில் வென்றபோது சங்கடம் போய்விட்டது. 2013 அக்டோபரில், ஹாதோர்ன் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைப்பதற்குள், அதன் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளின் சிட்னிக்குக் கிளம்பிவிட்டார். 9 வருடம், 1 கோடி டாலர். சிட்னியின் மேற்குப் புறநகரில் லீக் ஆசையாய்ப் பெற்றெடுத்த புது அணிக்குத்தான் அவர் போவார் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். லீக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

ஃபிராங்க்ளினின் செல்லப்பெயர் 'படி' (Buddy). தமிழில் எழுதினால் விதி எப்படிச் சிரிக்கிறது பாருங்கள்! அகவிலைப்படிக்கு எமன் ஒரு படிதான்.

9.8 சதவீதம் எல்லார் ஒப்பந்தத்திலும் பரப்பித்தான் தரப்படுகிறது, மொத்தமாகத் திரட்டி ஒருவர் மடியில் கொட்ட முடியாது என்று சிட்னி கரடியாய்க் கத்தியது. யார் கேட்டார்கள்? 2014இல் படியை ஒழிக்க முடிவானது; இனி குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் வாடகை உதவி. இந்த முடிவு சரி. இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். லீக் அதோடு நிறுத்தவில்லை. படியை இந்த நிமிடமே கீழே வை, இல்லாவிட்டால் மற்ற கிளப்புகளிலிருந்து ஆட்டக்காரர்களை வாங்கக் கூடாது என்று தடை போட்டது. விதி லீக் எழுதியது. பணம் லீக் அனுமதித்தது. சிட்னி ஒரு சென்ட்கூட மீறவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, பாயசம் ஊற்றிவிட்டு, 'எவ்வளவு குடிக்கிறான் பார்' என்று கையைப் பிடித்த கதை. அதே வருட இறுதியாட்டத்தில் ஹாதோர்னிடம் சிட்னி 63 புள்ளியில் உதை வாங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

வாரிசு முறைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஒரு கிளப்புக்குப் போதுமான ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்த கிளப்பே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி 1949 முதல் இருக்கிறது. அதில் பலன் பெற்றவர்களில் மிகப் பிரபலமானவர், பின்னாளில் சிட்னியைக் காப்பாற்ற வந்த அதே பராஸி. தாத்தா காலத்திலிருந்து ஆடும் மெல்பர்ன் கிளப்புகளுக்கு அப்பாக்கள் ஏராளம். நேற்று முளைத்த கிளப்புக்கு அப்பாவே இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார். 2023இல் கோலிங்வுட் 4 புள்ளியில் கோப்பை வாங்கியபோது அதில் பழைய நட்சத்திரம் பீட்டர் டைகோஸின் மகன்கள் இரண்டு பேர் ஆடினார்கள். பிரிஸ்பேனுக்கும் இப்போது வயதாகிவிட்டது. அங்கே ஆடிய மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில், 2024 இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர். உடனே மெல்பர்னில் வாரிசு விதி நியாயமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

அந்த 2024 இறுதியில் பிரிஸ்பேனிடம் 60 புள்ளியில் தோற்றது சிட்னி. 2014, 2016, 2022, 2024 என நான்கு இறுதியாட்டம், நான்கும் தோல்வி. நான்கும் நடந்தது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில்.

'படி' ஃபிராங்க்ளின் 2022இல் தன் ஆயிரமாவது கோலை அடித்தபோது சிட்னி ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்கள். 2023இல் ஓய்வு பெற்றார். அவரிடம் இரண்டு கோப்பைப் பதக்கங்கள் இருக்கின்றன. இரண்டும் ஹாதோர்னில் வாங்கியவை.