வைத்தியமும் வராந்தாவும்

கேள்வி: அரசாங்க ஆஸ்பத்திரியை ஒருவர் தெய்வமென்கிறார், மற்றவர் நரகமென்கிறார், யாரை நம்புவது? – வாசகர், பாலவனத்தம்.

பதில்: இருவரையும் நம்புங்கள், முன்னவர் வைத்தியத்தையும் பின்னவர் வராந்தாவையும் பற்றிப் பேசுகிறார். எதற்கெடுத்தாலும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கே ஓடவேண்டியிருந்த இக்கரிசல் சீமையின் ஏழைக்கு, 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தின் வழியே வரும் இலவச மருந்தும், 2008 முதல் ஓடும் 108 வண்டியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மகத்தான சகாயங்களே. ஆயினும், ஒரு நாள் கூலியை இழந்து காலை முதல் வரிசையில் நின்ற கிழவி, முகம்பார்த்து ‘என்னம்மா செய்கிறது?’ என்று கேட்பாரின்றி, மருந்து கிடைத்தும் மரியாதை கிடைக்காமல் வீடு திரும்புவாளாயின் அது அநியாயம். கடிந்துகொள்ளும் தாதியோ பெரும்பாலும் இருவர் வேலையை ஒருத்தியாகச் சுமப்பவள். ஆகையால் அவளோடு சண்டையிடாமல், இன்னொரு தாதியை நியமிக்கும்படி சர்க்காரோடு சண்டையிடுங்கள்.