ஆயர் பாசாங் பார்த்து வாடா, பேராண்டி

ஆகஸ்ட் கடைசியில உள்ளான் பார்க்க வர்றேன்னு போன்ல சொன்னியே, ரொம்ப சந்தோஷம்டா. பாட்டி திதிக்கு லீவு கிடைக்காது, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லீவு கிடைக்காது, உள்ளானுக்கு மட்டும் கிடைக்குதுன்னா அந்தப் பறவைக்கு உங்க ஆபீஸ்ல நல்ல செல்வாக்கு இருக்கணும். வா, வா. வர்றதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் காதுல போட்டுக்கோ. புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை வெட்டியே கழுத்து சுளுக்கினவன் நான், பறவையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் கேட்டு வை.

முதல்ல உன் சாமான். புது லென்ஸ் என்ன விலைன்னு உங்கம்மா சொன்னுச்சு. கேட்டுட்டு ஒரு கோப்பி குடிச்சப்புறம்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. அதுக்கு ஜோடியா இலை இலையா அச்சடிச்ச சட்டை, தொப்பி, கால்சட்டை வேற வாங்கியிருக்கியாம். நல்ல யோசனைதான். ஆனா நீ நிக்கப் போறது சேத்துக்கரைடா. கண்ணுக்கெட்டின தூரம் ஒத்த இலை கிடையாது. அந்தச் சட்டையோட நீ வந்து நின்னா, கடலுக்கு நடுவுல திடீர்னு ஒரு செடி எப்படி முளைச்சுச்சுன்னு பறவை எல்லாம் ஒண்ணு கூடிப் பேசும். பழைய மண்ணு நிறச் சட்டை ஒண்ணு போதும். பெரிய லென்ஸை விட மூணு கால் ஸ்கோப் ஒண்ணு யார்கிட்டயாவது இரவல் வாங்கிட்டு வா. அதுவும் இல்லேன்னா ஒரு பைனாகுலர்.

அடுத்தது நேரம். உங்க வழக்கம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒம்பது மணிக்கு எழும்புவீங்க. லத்தார் சடக்கு திறந்ததுல இருந்து கோலசிலாங்கூர் பக்கத்து வீடு மாதிரி ஆயிடுச்சு, அதனால அவசரம் கிடையாது. பாசிர் பெனாம்பாங்ல இறங்கி இறாலும் நண்டும் ஒரு கை பார்ப்பீங்க. மத்தியானம் மூணு மணிக்குக் கரையில வந்து நின்னு, "என்ன தாத்தா, பறவையே இல்லை"ம்பீங்க. பறவை இருக்குடா. நீ சாப்பிட்ட நேரத்துல அதுவும் சாப்பிட, கடலோடயே இறங்கிப் போயிடுச்சு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம்ம கடல் ஏறக்குறைய நாலு மீட்டர் உயரம் ஏறி இறங்கும். வத்தும்போது சேறு விரிஞ்சுகிட்டே போகும், தண்ணி விளிம்பிலேயே பறவையும் போயிடும். உன் லென்ஸுல எள்ளுப் பொட்டு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதைப் படம் எடுத்துப் போட்டு அபூர்வப் பறவைன்னு பேர் வைப்பீங்க.

ஆயர் பாசாங், அதான் கடல் ஏத்தம், எப்போன்னு பார்த்து வா. கடல் ஏற ஏற, அது பறவையை எல்லாம் கரைப் பக்கம் தள்ளிகிட்டு வரும். உச்சத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்து மண்கரையில அசையாம உட்கார். நீ தேடிப் போக வேண்டாம், அது வரும். ஒரு நாள் இருந்த நேரம் மறுநாள் இருக்காது, ஐம்பது நிமிஷம் மாதிரி தள்ளிப் போகும். அமாவாசை எப்போன்னு பாட்டி காலண்டரைப் புரட்டினப்போ விழுந்து விழுந்து சிரிச்ச பய நீ. இப்போ நீயே புரட்டு. இன்னொண்ணு, நம்ம கடல் மேற்கே பார்த்த கடல். சாயந்தரம் போனா சூரியன் உன் கண்ணுல குத்தும், பறவை எல்லாம் கரிக்கட்டையாத் தெரியும். காலையில ஏத்தம் வர்ற நாளாப் பார்த்துக்கோ, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால இருக்கும்.

வெள்ளைக்காரன் ஊர்ல ஆகஸ்ட்னா கோடை முடியுற காலமாம். நமக்கு ஏதுடா கோடை? வெயில், மழை, மழைக்கு முன்னாடி வெயில், அவ்வளவுதான். ஆனா சைபீரியாவுல குஞ்சு பொரிச்ச உள்ளானுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. ஜூலை கடைசியிலயே முதல் கூட்டம் ஜெராம், தஞ்சோங் காராங் சேத்துல இறங்க ஆரம்பிச்சிடும். முதல்ல வர்றது பெருசுங்க. மணல் உப்புக்கொத்தியோட மார்புல செங்கல் நிறம் இன்னும் முழுசா மங்கியிருக்காது. அக்டோபருக்கு மேல வந்தியானா எல்லாமே சாம்பல் நிறம், எது எதுன்னு அடையாளம் சொல்ல முடியாம நீயும் உன் சிநேகிதனும் அடிச்சுக்குவீங்க. அதனால ஆகஸ்ட் கடைசியில வர்றேன்னு சொன்னது புத்திசாலித்தனம். உனக்கே தெரியாம செஞ்சதா இருந்தாலும் பாராட்டிடறேன்.

குஞ்சுங்க எப்போ வரும்? பின்னாடி வரும், தனியா வரும். பல உள்ளான் இனத்துல ஆத்தாளும் அப்பனும் முதல்ல கிளம்பிடும். அதுக்கப்புறம் சின்னதுங்க, வழி சொல்ல ஆள் இல்லாம, ஒரு தரம்கூடப் பார்க்காத ஊருக்குக் கடல் தாண்டி வந்து சேரும். நீ இன்னும் ஷா ஆலம்ல இருந்து இங்க வர்றதுக்கே போன்ல ஒரு பொம்பளைக் குரல் "இடது பக்கம் திரும்பவும்"னு சொல்லணும். சொன்னதுக்கப்புறமும் வலது பக்கம் திரும்புவே.

பட்டைவால் மூக்கன்னு ஒரு பறவை இருக்கு. நம்ம கரைக்கும் வரும். அதோட சொந்தக்காரன் ஒருத்தன், பிறந்து அஞ்சே மாசம் ஆன பயல், 2022ல அலாஸ்காவுல கிளம்பி டாஸ்மேனியாவுல போய்த்தான் இறங்கினான். 13,560 கிலோமீட்டர். பதினோரு நாள். நடுவுல ஒரு இடத்துலயும் இறங்கலை, தின்னலை, குடிக்கலை. முதுகுல கருவி கட்டி விட்டதால இந்தச் சங்கதி வெளியே வந்துச்சு. கிளம்பும்போது உடம்புல பாதிக்குப் பாதி கொழுப்பு ஏத்திக்கும், குடல் இரைப்பையெல்லாம் சுருக்கிக்கும். உனக்கும் கொழுப்பு ஏத்துற வரைக்கும் சரியா வருது. புக்கிட் மெலாவத்தி ஏறும்போதுதான் பாதியில உட்கார்ந்துடறே. அங்க உட்காரும்போது லென்ஸ் மூடியைக் கையில கெட்டியாப் பிடிச்சுக்கோ, குரங்குக்கு அது மேல ஆசை அதிகம்.

இத்தனை தூரம் பறக்கிறதுக்குத் தீனி எங்கே இருக்குன்னா, நீ மூக்கைப் பிடிச்சுகிட்டு "ஐயே நாத்தம்"ன்னு சொன்னியே, அந்தச் சேத்துல. சேறுன்னா ஒரே பந்திதான், ஆனா ஒருத்தன் இலையில இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். உப்புக்கொத்திக்குக் குட்டை மூக்கு, மேல ஓடுறதைக் கொத்தும். பவளக்காலி ஒரு விரல் ஆழம் பார்க்கும். மூக்கன் கண்ணு வரைக்கும் மூக்கை விட்டுத் துழாவும். மண்ணுக்குள்ள இருக்கும்போதே மூக்கு நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வும். பேர் தெரியலைன்னா கவலைப்படாதே, மூக்கையும் நடையையும் பாரு. நடை தெரிஞ்சா ஆள் தெரியும். மண்டோர் தூரத்துல வரும்போதே எந்த மண்டோர்னு நடையை வெச்சே கண்டுபிடிச்ச பரம்பரைடா நம்மது.

இந்தச் சேறு ஒண்ணு மட்டும் பத்தாது, அதுதான் சிக்கல். வழியில மஞ்சள் கடல்னு இருக்கு, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவுல. அங்க இறங்கித் தின்னாத்தான் மிச்ச தூரம் பறக்க முடியும். ஐம்பது வருஷத்துல அந்தக் கடலோரச் சேத்துல மூணுல ரெண்டு பங்கை அடைச்சுக் கட்டடமும் தொழிற்சாலையும் ஆக்கிட்டாங்க. தென்கொரியாவுல செமாங்கும்னு ஒரு இடம். முப்பத்துமூணு கிலோமீட்டருக்கு ஒரே சுவரா எழுப்பி 2006ல கடலை மூடினாங்க. அங்க இரை எடுத்த உள்ளான் பத்தாயிரக்கணக்குல குறைஞ்சே போச்சு. அப்புறம் புத்தி வந்து, மிச்சம் இருந்ததுல கொஞ்சத்தை 2019லயும் 2021லயும் உலகப் பாரம்பரியச் சொத்துன்னு பதிஞ்சு வெச்சாங்க. நம்ம ஆளுங்க அந்த அளவுக்கு மோசமில்லைப்பா. சாசாரான் மணல்திட்டுல 'வானக் கண்ணாடி'ன்னு பேர் வெச்சு, சிவப்புப் பாவாடை கட்டி, எகிறிக் குதிச்சுப் படம் பிடிக்கிறதோட நிறுத்திக்கிறோம். கீழே நண்டும் புழுவும் நசுங்குறது படத்துல விழாது.

கோலசிலாங்கூர்ல படகுல ஏத்திக் கழுகு காட்டுறேம்பாங்க. போ, போய்ப் பாரு. கருடனைக் கண்டா உங்க பாட்டி கன்னத்துல போட்டுக்கிட்டு "பெருமாளே"ம்பா. பெருமாளோட வாகனத்துக்கு இங்க கோழித்தோல் வீசுறாங்க. அதுவும் வட்டம் போட்டு வந்து கவ்விட்டுப் போகுது. கைவீசிக் கூப்பிட்டா வர்ற கழுகைப் படம் எடுக்க அவ்வளவு பெரிய லென்ஸ் எதுக்குடா? போனே போதும்.

மெலாவத்தி மலையடிவாரத்துல தாமான் அலாம் இருக்கு. 1987ல மலேசிய இயற்கைக் கழகம் மாநில அரசோட சேர்ந்து ஆரம்பிச்சது. அந்தக் கழகம் 1940லயே பிறந்தது, என்னைவிட மூத்தது. அங்க அலையாத்திக் காட்டுல பிட்டா இருக்கு, தமிழ்நாட்டு ஆறுமணிக்குருவிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பச்சை, நீலம், சிவப்புன்னு தீபாவளிச் சேலை நிறம் அத்தனையும் அது உடம்புல. அதைக் கூப்பிட நீங்க போன்ல அதோட குரலையே போட்டு விடுவீங்களாமே? எவனோ தன் வீட்டு வாசல்ல வந்து சவால் விடுறான்னு நினைச்சு அது பொண்டாட்டி, குஞ்சை விட்டுட்டுச் சண்டைக்கு ஓடி வரும். ஆளைக் காணோம். மறுபடி ஓடி வரும். ராத்திரி முழுக்க உன் வாசல்ல நின்னு நான் உன் பேரைச் சொல்லித் திட்டினா நீ தூங்குவியா? போனை அணைச்சுட்டு நில்லு. கொசு உன்னைக் கவனிச்சுக்கும், பட்டணத்து ரத்தம்னா அதுக்கு உசிரு.

சத்தம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம பாட்டன் பூட்டன் சிவகங்கைச் சீமைக்காரங்க. அங்க கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடின்னு ரெண்டு ஊர்ல, கண்மாயில நாரை கூடு கட்டுதுன்னு தீபாவளிக்கே பட்டாசு வெடிக்க மாட்டாங்க. பிள்ளைங்களே வெடிக்காம இருக்குதுங்க. உன் சிநேகிதன் அந்தப் பறக்கிற கேமராவைக் கொண்டு வந்தான்னா, அவனை வழியில ஈஜோக்கிலேயே இறக்கி விட்டுடு.

மொட்டைத்தலை நாரையை மட்டும் தவற விட்றாதே. மலாய்க்காரங்க புருங் போத்தாக்னு சொல்வாங்க. தலையில முடி கிடையாது, கழுத்து வத்தல், தோள் கூனல், கையைப் பின்னால கட்டின கிழவனாட்டம் சேத்துல நின்னுகிட்டு இருக்கும். பார்த்ததும் என் ஞாபகம் வந்தா வாயைத் திறக்காதே. பால் வெள்ளை நாரைன்னு இன்னொண்ணு, உப்பேம்பாங்க. மிருகக்காட்சி சாலையில வளர்த்து இந்தப் பக்கம் கொண்டாந்து விட்டாங்க. காட்டுல ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். மிருகக்காட்சி சாலையில திறந்து விட்டிருந்த மஞ்சள்மூக்கு நாரையோட சிலது ஜோடி சேர்ந்துடுச்சு, குஞ்சு ரெண்டும் கலந்து பிறக்குது. படிச்சவங்க தலையில கை வெச்சு உட்கார்ந்திருக்காங்க. நாரைக்கு ஜாதகம் பார்க்க நம்ம சனம் யாரும் போகலையேன்னு எனக்கு ஆச்சரியம்.

திரும்பும்போது தஞ்சோங் காராங், செகின்சான் வயல் பக்கம் வண்டியை மெதுவா விடு. நத்தைகுத்தி நாரை தெரியலாம். வாய் மூடினாலும் நடுவுல ஒரு சந்து இருக்கும், நத்தையைப் பிடிக்க அது தோதா இருக்கும். அது இங்க குடிவந்தே பத்துப் பதினஞ்சு வருஷம்தான். பெர்மிட் இல்லை, ஏஜெண்டு இல்லை, 2019 கடைசியில சிங்கப்பூருக்குள்ளேயே ஆயிரக்கணக்குல போயிட்டு வந்துச்சு. வயலைத் தின்ன தங்க நத்தையை அது திங்குது, யாரும் திருப்பி அனுப்பச் சொல்லலை.

ராத்திரி என் வீட்டுல படு. தோட்டத்துல கூகை கத்தும், பயப்படாதே. லயத்துல இருந்தப்போ அது கத்தினா யாருக்கோ நேரம் வந்துடுச்சுன்னு பொம்பளைங்க விளக்குமாத்தைத் தூக்குவாங்க. இப்போ நிர்வாகமே கம்பம் நட்டு அதுக்குப் பெட்டி வீடு கட்டிக் கொடுத்திருக்கு. 1917ல தென்னமரம் தோட்டத்துல முதல் செம்பனையை வியாபாரத்துக்கு நட்டாங்க. அன்னையில இருந்து பழத்துக்கு எலி, எலிக்கு விஷம்னு ஓடிச்சு. விஷத்துக்குச் செலவு பண்ணிப் பார்த்தப்புறம்தான் கூகை ஞாபகம் வந்துச்சு. ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல காலி பண்ணுமாம். பெரட்டுக்கு வர வேண்டியதில்லை, சம்பளம் இல்லை, வேலை செஞ்ச இடத்திலேயே வீடு. எங்களுக்கு அது வாய்க்கலை. வேலை முடிஞ்சதும் லயத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க.

எல்லாம் பார்த்து முடிச்சதும் ஒரு நோட்டுல எழுதி வை. தேதி, நேரம், கடல் ஏறுதா வத்துதா, எத்தனை. படம் எடுக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான், எண்ணுறவன்தான் இல்லை. ஜனவரியில ஆசியா முழுக்க நீர்ப்பறவை எண்ணுவாங்க, 1987ல இருந்து நடக்குது. எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு இயற்கைக் கழகத்துல எப்பவும் இடம் உண்டு. மேடாக்னு ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, ஜப்பான்காரன் காலத்துல சாங்கிச் சிறைமுகாம்ல கிடந்தப்போ மலாயாப் பறவைகளைப் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டான். உனக்கு ஆபீஸ்ல ஏர்கோன், நாற்காலி, கோப்பி எல்லாம் இருக்கு. ஒரு பக்கம் எழுத முடியாதா?

ஆங், மறந்துடப் போறேன். வர்ற வழியில ஜெராம்ல நிறுத்தி ரெண்டு கிலோ கெராங் வாங்கிட்டு வா. அதுவும் அந்த நாத்தச் சேத்துல விளையுறதுதான், ஆனா தட்டுல வெச்சுக் கொடுத்தா நீ நாத்தம் பத்திப் பேச மாட்டியே. நல்லா அலசி, சாம்பால் போட்டு உன் அத்தை ஆக்குவா. மூக்கனுக்கு மிச்சம் வெச்சு வாங்கு, கிலோ என்ன விலைன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே.